பந்து போனப்புறம் சாத்து

பிரிசில்லா லெக் கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கக் கூடாதென்று சண்முகக்கனி முகத்தை மைதானத்துப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பி என்ன செய்ய, காதை எங்கே கொண்டுபோய் வைப்பது, பட்டை பிய்கிற சர்ரென்ற சத்தம் ஒவ்வொன்றாக வந்தது, கணுக்கால் பட்டை, கெண்டைக்கால் பட்டை, முழங்கால் பட்டை, அப்புறம் அடுத்த கால். மெதுவாகக் கழற்றுகிறாள். கோபமாகக் கழற்றினாலாவது தேவலை, தூக்கி எறிந்தாலாவது தேவலை, இவள் என்னடாவென்றால் நாளைக்கும் தனக்கே வேண்டும் என்கிற மாதிரி ஒவ்வொரு பட்டையையும் மடித்து ஒட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறாள். நாளைக்கு வேண்டியிருக்காது. அதுதான் சங்கதி. இன்றைக்கு நடக்கிற இந்த சாஃப்ட்பால் ஆட்டத்தைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். பந்தலுக்கடியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மேடம்தான் எடுக்கிறவர். பிரிசில்லாவுக்கு இது கடைசி வருஷம், கனிக்கு இன்னும் ஒரு வருஷம் கிடக்கிறது. கேட்சர் என்கிறவள் மட்டை பிடித்து நிற்கிற எதிரணிக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து பிட்சர் வீசுகிற பந்தைப் பிடிக்க வேண்டியவள். அவளைத் தாண்டிப் பந்து ஓடிவிட்டால் மூன்றாவது பேஸ் என்கிற மூலையில் நிற்கிறவள் ஓடிவந்து ரன் எடுத்துவிடுவாள். சற்று முன் அப்படித்தான் ரெண்டு பேர் ஓடி வந்தார்கள். கோச் வேலாயுதம் சார் பந்தலுக்குக் கேட்கட்டும் என்றே கத்தினார், "ஏம்மா, குந்தி உக்காந்து தூங்குதியா? கைக்கு வர்ற பந்தப் பிடிக்கத் தெரியலைன்னா எதுக்கு இத்தன கவசம்? கழட்டு. இசக்கி, அடுத்த இன்னிங்ஸ் நீ மாட்டு." கைக்கு வந்த பந்தாம். எந்தக் கைக்கு வந்தது? கனி வீசிய பந்து, கனிக்குத் தெரியாதா? ஃபர்ஸ்ட் பேஸ் பக்கமாகக் கோணிக்கொண்டு போய் மண்ணில் குத்தி எகிறிய பந்தை எந்த மகராசி வந்தாலும் பிடித்திருக்க முடியாது. அந்த நேரத்தில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பந்து வழுக்காமலிருக்கப் பூசிய மாவைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு, ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி நடந்துவந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது தன் அணி மட்டை பிடிக்கிறது. மூன்று பேர் அவுட் ஆகிற வரைக்கும் இங்கேதான் இருக்க வேண்டும், பிரிசில்லாவுக்குப் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில்.

அந்தச் சுவர் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால். மூன்றாவது பேஸுக்கு அப்பால் மைதானத்துக் காம்பவுண்டுச் சுவர், அதன்மேல் வரிசையாகக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற பயல்கள். ஹாக்கி ஆடுகிற ஊர் இது, சாஃப்ட்பால் என்றால் அவன்களுக்கு நக்கல், அதிலும் பெண் பிள்ளைகள் ஆடினால் கேட்கவே வேண்டாம். ஆனால் நக்கல் புதிதில்லை, எத்தனையோ கேட்டாயிற்று, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாயிற்று. இன்றைக்கு ஒருவன் சொன்னான். ஒருவன்தான், அவன் முகம்கூடத் தெரியாது, சிவப்புச் சட்டையா அதற்குப் பக்கத்தவனா என்றும் தெரியாது. "ஏல, இடுப்பப் பாருல, ஆட்டுரல் சுத்துத கணக்கா!" அவ்வளவுதான். அதற்கு ஒரு சிரிப்பு எழுந்து சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்த் திரும்பி வந்தது. சீ, இதுக்குப் போயா, என்று யாரும் கேட்பார்கள். கனியே கேட்டுக்கொண்டாள். இதைவிட அசிங்கமாகப் பேசுகிறவன் மினிபஸ்ஸில் தினமும் வருகிறான், அவனை முறைத்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறவள்தான். ஆனால் அந்த வார்த்தை விழுந்த இடம் அப்படி. விழுந்த நேரம் அப்படி. கையைத் தலைக்கு மேலே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடது காலை முன்னால் பாய்ச்சி, உடம்பை வலது பக்கமாக, அதாவது அந்தச் சுவரைப் பார்த்து, அந்தப் பயல்களைப் பார்த்து, அப்படியே விரித்துக் காட்டித்தான் பந்தை வீசியாக வேண்டும், வேறு வழியே கிடையாது, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. கை கீழே வந்து பந்து விரலைவிட்டுப் போகிற அந்தக் கணத்தில் இடுப்பு முழுக்க விரிந்தும் இருக்கக் கூடாது, முழுக்க மூடியும் இருக்கக் கூடாது, பாதியில் நிற்க வேண்டும். முன்கை அந்த இடுப்பெலும்பை லேசாக உரசிக்கொண்டு போகும், அந்த உரசல்தான் கணக்கு, உரசினால் பந்து நேராகப் போகிறது என்று அர்த்தம். பந்து போன பிறகு இடுப்பு தானாக முன்னால் திரும்பிக்கொள்ளும். முந்திக்கொண்டு திரும்பினாலோ, வலது இடுப்பு வந்து கையின் வழியில் நிற்கும், கை அதைச் சுற்றிக்கொண்டு போகும், பந்து கோணும். சார் இதைக் கதவு என்பார். இந்த ரெண்டு வருஷத்தில் ஒரு நாளும் அவர் வாயிலிருந்து இடுப்பு என்று வந்ததில்லை. பையன்கள் அணியிடம் "இடுப்ப மூடாதல முட்டாப்பயலே" என்று கத்துகிற அதே மனுஷன், பிள்ளைகளிடம் வந்தால் விளையாட்டு அறையின் கதவைக் காட்டித்தான் பாடம் நடத்துவார், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "இது இப்பிடியே நிக்கணும்மா, பந்து போனப்புறம் சாத்து, என்ன, பந்து போனப்புறம்" என்று கதவோடு பேசுவார். பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நல்ல மனுஷன். ரொம்ப நல்ல மனுஷன். கதவு என்று சொன்னதால்தானோ என்னவோ கனிக்கும் அது தன் உடம்பு என்று தோன்றாமலே இருந்தது, கதவு, வெறும் கதவு, அதில் யாருக்கு என்ன. அந்தப் பயல் சொன்ன பிறகுதான் அது இடுப்பாயிற்று.

வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. கரிசல் மண்ணிலிருந்து எழும்புகிற சூடு முகத்தில் அடிக்கிறது. கால்களைச் சேர்த்து, முழங்காலோடு முழங்கால் ஒட்ட, கிளவுஸை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைக் கனி அப்போதுதான் கவனித்தாள். யார் சொல்லிக் கொடுத்தது இது? அம்மாவா? அம்மா பாவம், அவள் அதிகம் பேசுகிறவளில்லை, தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்தால் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். அத்தைதான், ஆளான பிறகு தண்ணி ஊற்ற வந்த மூத்த அத்தை, "நடையக் கொஞ்சம் அடக்குட்டி, இனிமே நீ சின்னப் பிள்ளையில்ல" என்றாள். நடையை எப்படி அடக்குவது? கண்ணாடி முன்னால் நடந்து நடந்து பார்த்தாள். எந்த இடத்தில் அது அதிகமாகிறது, எதைக் குறைத்தால் அடங்கும் என்று தெரியவில்லை. தெரியாமலே குறைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள, கடையில் ஆட்கள் நின்றால் சுவரோரமாகப் போக, சுடிதார் சைடு வெட்டை டெய்லரிடம் நாலு விரல் இறக்கித் தைக்கச் சொல்ல. அதே தெருவில் குழாயடியிலிருந்து ரெண்டு குடம் தண்ணியை அந்த இடுப்பில்தான் கொண்டுவந்தாள், தினமும், ஒடித்து வளைத்து, ஈரம் சொட்டச் சொட்ட. அப்போது ஒரு பயலும் ஒன்றும் சொன்னதில்லை, குடம் தூக்குகிற இடுப்பு யார் கண்ணையும் உறுத்தாது போல. பந்து வீசினால் உறுத்துகிறது. இந்தக் கல்லூரிக்கு வந்து, யாரோ ஆள் குறைகிறது என்று கூப்பிட்டு, முதல் தடவை பிட்சர் நிற்கிற சர்க்கிளில் நின்று கையைச் சுற்றி விட்டபோது, அந்த உரசல் இடுப்பெலும்பில் பட்டுப் பந்து போய்ப் பிரிசியக்கா கிளவுஸில் பட்டென்று விழுந்தபோது, அடேயப்பா, என்னவொரு சந்தோஷம், உடம்பு தனக்கே தனக்கென்று கிடைத்த மாதிரி. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அந்த உடம்பை இன்றைக்கு ஒரு பயல் சுவரில் உட்கார்ந்துகொண்டு பிடுங்கிவிட்டான். பிடுங்கினான் என்பதுகூடச் சரியில்லை. அவன் ஒரு வார்த்தை சொன்னான், இவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மைதானத்தில் யாரோ ஓடினார்கள், யாரோ "போ போ போ" என்றார்கள், ஒருத்தி அவுட். இன்னும் ரெண்டு பேர். பிரிசில்லா மார்க்கவசத்தையும் கழற்றிவிட்டாள், பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இசக்கி, முதல் வருஷத்துப் பிள்ளை, அதை வாங்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். "பிடிளா, கடிக்காது" என்று சொல்லி பிரிசில்லாவே அவளுக்கு மாட்டிவிட்டாள், தோள் பட்டையை இழுத்துச் சரிபார்த்தாள். பந்து ஏன் கோணியது என்று பிரிசில்லாவுக்குத் தெரியும். அதுதான் தாங்கமுடியவில்லை. மைதானத்தில் இருக்கிற அத்தனை பேரிலும் பிட்சரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருப்பவள் கேட்சர் ஒருத்திதான், மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், கேட்சர் பந்து கிளம்புகிற இடத்தைப் பார்ப்பாள். முதல் பந்து கோணிய உடனேயே எழுந்து சர்க்கிளுக்கு வந்தாள், முகமூடியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, கதவு முந்திச் சாத்துது" என்றாள் தணிந்த குரலில். "அவனுவளப் பாக்காத. என்னையப் பாரு. என் கிளவுஸப் பாரு." அவளும் கேட்டிருக்கிறாள், அந்த வார்த்தையை. கேட்காத மாதிரி அவனுவ என்று மட்டும் சொல்லி விட்டாள், அந்த நாகரிகம் அவளுக்கு உண்டு. கனி தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அடுத்த பந்தையும் அப்படியே வீசினாள். மனசு திற என்கிறது, இடுப்பு மூடிக்கொள்கிறது, தன் உடம்பில் தன் பேச்சைக் கேட்காத ஒரு எலும்பு. முன்கை போய் இடுப்பில் இடித்தது, உரசவில்லை, இடித்தது, இதோ இப்போதும் அந்த இடம் கன்றிப்போய்க் கிடக்கிறது, அமுக்கினால் வலிக்கிறது. அமுக்கிப் பார்த்தாள். நல்லா வலிக்கட்டும். பிரிசியக்கா அந்தப் பந்துக்காக மண்ணில் விழுந்தாள், முழுசாக நெஞ்சு தரையில் பட விழுந்தாள், கிளவுஸ் நுனியில் பட்டுப் பந்து ஓடியது, எழுந்து துரத்தினாள், அதற்குள் ரன். சார் கத்தினார். அப்போதும் பிரிசியக்கா, "சார், பந்து வெளிய போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஏன் வெளியே போனது என்று கேட்பார், கதவு முந்திச் சாத்தியது என்று சொல்ல வேண்டும், ஏன் சாத்தியது என்று கேட்பார். அங்கே வந்து நிற்கும். கனிக்காகத்தான் வாயை மூடிக்கொண்டாள். கனி யாருக்காக மூடிக்கொண்டாள்?

இப்போதுகூட ஒன்றும் கெட்டுவிடவில்லை. வெளியே போன ஆள் ஒரு தடவை திரும்ப உள்ளே வரலாம், சட்டத்திலேயே இடமிருக்கிறது. எழுந்து நாலு எட்டு நடந்தால் சார். சார், பிரிசியக்கா மேல தப்பில்ல. அதுவரைக்கும் சரி, அழகாக வருகிறது. பின்ன யாரு மேல தப்பு என்பார். என் மேல சார். என்னம்மா தப்பு பண்ணின? கதவு முந்திச் சாத்திருச்சு சார். ரெண்டு வருஷமாச் சாத்தாத கதவு இன்னைக்கு ஏன் சாத்துச்சு? இதற்குமேல் இதைச் சொல்லியாக வேண்டும். சுவத்துல இருக்கிற பசங்க ஒரு மாதிரியாப் பேசுதாங்க சார். என்ன பேசுனாங்க? என்ன பேசினார்கள் என்று இவள் வாயால் சொல்ல வேண்டும், மேடம் முன்னால், எதிரணிப் பிள்ளைகள் முன்னால், எல்லோரும் உடனே திரும்பி எதைப் பார்ப்பார்கள்? இதைத்தான் பார்ப்பார்கள். ஆட்டுரலா என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, சரியாத்தான் சொல்லியிருக்கான் என்று நினைத்தால்? சும்மா காய்ச்சல் என்று சொல்லலாமா, கண்ணில் தூசி என்று சொல்லலாமா, கை வேர்த்து வழுக்கியது என்று? ஆமாம், கை வழுக்கிவிட்டது சார், அதனால்தான் கோணியது, அவங்க தப்பில்ல. இது நல்லது. இதில் இடுப்பு இல்லை, பயல் இல்லை, ஒன்றும் இல்லை. இதைச் சொல்வதற்கு என்ன கேடு? எழுந்திருக்க வேண்டியதுதானே. கனி எழுந்திருக்கவில்லை. ஏன் எழுந்திருக்கவில்லை என்று தனக்குள்ளேயே துழாவினாள். துழாவத் துழாவக் கையில் தட்டுப்பட்டது வேறொன்று, அதைத் தொட்டதும் உடம்பெல்லாம் கூசியது. வெட்கம் ஒன்றும் இல்லை அங்கே. மேடம்தான் இருந்தார். பந்து கோணியது பிட்சரால் என்று தெரிந்தால் மேடம் பிட்சரைக் கழித்துவிடுவார். இப்போதைக்கு மேடம் கண்ணில் கனி நல்ல பிட்சர், பாவம், கேட்சர் சரியில்லை. இவ்வளவுதானா? இத்தனை நேரம் அத்தையை இழுத்தோம், பஸ்ஸை இழுத்தோம், அந்தப் பயலை இழுத்தோம், இதை மூடத்தானா? அவன் சொன்னது மெய்யாகவே உறைத்ததுதான், அதில் பொய்யில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இது உட்கார்ந்திருந்தது. அந்தப் பயல் சொன்னதற்கு இவள் வெட்கப்பட்டது கொஞ்சம் நேரம். இதற்கு எவ்வளவு நேரம் வெட்கப்பட வேண்டியிருக்கும்? அடுத்த வருஷமும் நமக்கு வாய்ப்பு இருக்கே என்று தெரிந்தும், இந்த வருஷமே வேண்டும் என்று, ஒரு பேராசைக்காரி, மூஞ்சியைப் பார்த்தால் பச்சைப் பிள்ளை.

"தண்ணி குடி." பிரிசில்லா பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நீட்டிக்கொண்டிருக்கிறாளோ. கனி வாங்கிக் குடித்தாள், தண்ணி வெதுவெதுவென்று இருந்தது, பாதி கழுத்தில் வழிந்தது. "யக்கா" என்றாள். "ம்?" என்றாள் பிரிசில்லா. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் மண் அப்பியிருந்தது, விழுந்த இடத்து மண். அழுதிருக்கிறாளா என்று பார்த்தாள் கனி. அழவில்லை. அழுதிருந்தால் இவளுக்கு ஏதாவது செய்ய இருந்திருக்கும், தோளில் கை போட்டிருக்கலாம். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். பிரிசில்லா, "இசக்கிக்கு ரொம்பத் தாழப் போடாத" என்றாள். "அவளுக்குப் பழக்கமில்ல, முகத்துல வாங்கிருவா. நெஞ்சுக்கு நேரப் போடு, அவ பிடிச்சிருவா." இதைச் சொல்ல இவளுக்கு என்ன வந்தது? தன் இடத்தைப் பிடித்தவளுக்கு வசதி பண்ணிக் கொடுக்கச் சொல்லி, தன்னைத் தூக்கியெறிய வைத்தவளிடம். பெரிய மனசு என்பார்கள். கனிக்கு அது பெரிய மனசாகப் படவில்லை, செவிட்டில் ஒன்று வைத்த மாதிரி பட்டது. திட்டித் தொலையேன். ஏட்டி கள்ளி, உன்னாலதானே என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். அதற்குள் ரெண்டாவது ஆளும் அவுட் ஆகி, மூன்றாவதாகப் போனவள் அடித்த பந்து நேராக எதிரணிக்காரி கையில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் எழுந்தார்கள். கனியும் எழுந்தாள், கால் எழுந்தது, கிளவுஸை எடுத்துக்கொண்டு சாரைத் தாண்டித்தான் போனாள். சார் "தைரியமாப் போடும்மா, கேட்சர மாத்தியாச்சு" என்றார். அவர் கண் கனியின் முகத்தில் நிற்காமல் எங்கோ தாழப் போய், சட்டென்று விலகி மேகத்தைப் பார்த்தது. இவருக்கும் தெரியுமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இத்தனை வருஷம் இதையே பார்க்கிறவர், கண்ணு பொட்டையா? தெரிந்தும் பிள்ளையிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கேட்சரைத் திட்டினாரோ? இருக்காது. இருந்தாலும் இருக்கும். "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சர்க்கிளில் நின்றாள். சுவரில் பயல்கள் அப்படியே இருந்தார்கள், ஒருத்தன் கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தான். "வந்துட்டாடா ஆட்டுரலு" என்று குரல் வந்தது, சிரிப்பு வந்தது. வேடிக்கை என்னவென்றால் இந்தத் தடவை அது எங்கேயும் போய்த் தைக்கவில்லை. தைக்க இடமில்லை. உள்ளே ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்து முழு இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்தது, பிரிசியக்கா கன்னத்து மண். இவன் சொல்லுவது என்ன பெரிய சொல், இதைவிட மோசமானவள் நான், உனக்கு என்ன தெரியும் என்னைப் பற்றி என்று அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. கை தானாகச் சுற்றியது, கால் பாய்ந்தது, உடம்பு சுவரைப் பார்த்து விரிந்தது, விரிந்தபடியே நின்றது, முன்கை இடுப்பெலும்பை லேசாக, அந்த முதல் நாள் போல, உரசியது. பந்து இசக்கியின் நெஞ்சுக்கு நேராகப் போய்ப் பட்டென்று விழுந்தது. "ஸ்ட்ரைக்" என்றார் அம்பயர். அடுத்ததும் அப்படியே. மட்டைக்காரி சுற்றினாள், காற்றுதான் கிடைத்தது. இன்னொன்று. அவள் அவுட். பந்தல் பக்கம் கைதட்டல். நல்லா வருதே, நல்லா வருதே என்று உடம்பு குதித்தது, ஒரு கணம் எல்லாமே மறந்துபோனது, சத்தியமாக மறந்துபோனது. சாரின் குரல் கேட்டதும்தான் ரத்தம் சுண்டியது. சார் மேடம் பக்கமாகச் சாய்ந்து, வெண்கலக் குரல் அவருக்கு, ரகசியம் பேசினாலும் மைதானமே கேட்கும், "பாத்தீங்களா மேடம்? பிட்சர் தங்கம். அந்த கேட்சர்தான் தகராறு. மாத்துனதும் எப்பிடிப் போகுது பாருங்க" என்றார். மேடம் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டார். இவள் ஒழுங்காகப் போட்ட ஒவ்வொரு பந்தும் போய்ப் பிரிசியக்கா தலையில் விழுகிறது. இன்னும் நன்றாகப் போட்டால் இன்னும் நன்றாக விழும். இப்போது ஒன்றைக் கோணிப் போட்டால்? வேண்டுமென்றே மூடி, மண்ணில் குத்தி, இசக்கியும் விடட்டும், அப்போது தெரியுமே என்று ஒரு குறுக்குப் புத்தி வந்தது. அந்தப் பிள்ளை முகத்தில் வாங்கும். இவள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இன்னும் எத்தனை பேர் வாங்க வேண்டும்? பெஞ்சைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. பிரிசில்லா எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். "சூப்பர்ட்டி! அப்பிடியே வை, அப்பிடியே!" என்று கத்தினாள், தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டி, மண் அப்பிய முகமெல்லாம் சிரிப்பு. இடுப்பு திறந்துவிட்டது என்று அந்த மைதானத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள்.

"டைம், சார்" என்றாள் கனி அம்பயரிடம். அவருக்குக் கேட்கவில்லை, மறுபடியும் சொன்னாள். அவர் கையைத் தூக்கினார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டே பெஞ்சுக்கு நடந்தாள், வேலாயுதம் சார் பதறி எழுந்து வந்தார், "என்னம்மா, கை வலிக்குதா?" ஆமாம் என்று சொல்லிவிடலாம். எவ்வளவு நல்ல மனுஷன், இவளுக்காகப் பொய்யைக்கூட அவரே எடுத்துக் கொடுக்கிறார். "இல்ல சார்" என்றாள். "அந்தப் பந்து ரெண்டும் போனது பிரிசியக்கா தப்பு இல்ல. என் இடுப்பு முந்தி மூடிருச்சு." சாரின் முகம் மாறியது, கண் தரைக்குப் போனது. "சரிம்மா, சரி. மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்காங்க." ஆக, தெரியும். அவருக்குத் தெரியும். கனிக்கு உடம்பு முழுக்க எரிந்தது, காது நுனி வரைக்கும். "இடுப்பு, சார்" என்றாள் சத்தமாக, பந்தலுக்குக் கேட்க. "பந்து கையவிட்டுப் போறதுக்கு முந்தியே என் இடுப்பு திரும்பிருச்சு. பந்து மண்ணுல குத்துச்சு. அத யாராலயும் பிடிக்க முடியாது. சுவத்துல இருக்கிறவனுவ என் இடுப்ப ஆட்டுரல்னானுவ, அதுக்குக் கூசிக்கிட்டு மூடுனேன். அக்கா வந்து சொன்னாங்க, நான் கேக்கல. நீங்க அவங்களத் திட்டும்போதும் பேசாம இருந்தேன். எனக்கு டீம்ல எடம் போயிரும்னு பேசாம இருந்தேன்." சுவர்ப் பக்கம் ஓவென்று ஒரு கூச்சல் கிளம்பியது. எதிரணிப் பிள்ளைகளில் ஒருத்தி சிரித்தாள், இன்னொருத்தி அவள் தொடையில் தட்டினாள். எல்லோரும் பார்த்தார்கள், இவள் பயந்த இடத்தைத்தான் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று நின்றாள். வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய், ஒரு துளிகூடப் போகவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றினார். கனியை ஏற இறங்க ஒரு பார்வை, அதில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பிறகு சாரிடம், "அந்த கேட்சர உள்ள அனுப்புங்க. நான் திரும்பப் பாக்கேன்" என்றார்.

இசக்கி அவசர அவசரமாகக் கவசத்தைக் கழற்றிக் கொடுத்தாள். பிரிசில்லா குனிந்து ஒவ்வொரு பட்டையாக ஒட்டினாள், யாரையும் பார்க்கவில்லை, முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. கனி பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்தாள். நல்லவேளை சொன்னே என்பாள், தோளில் தட்டுவாள், இல்லையென்றால் ஏன் இப்பிடி எல்லாரு முன்னாலயும் என்று கடிந்துகொள்வாள், எதுவானாலும் சரி. பிரிசில்லா நிமிர்ந்தாள், முகமூடியை எடுத்துத் தலையில் மாட்டினாள். கம்பிகளுக்குள்ளிருந்து அவள் கண் முதல் தடவையாகக் கனியை நேராகப் பார்த்தது, நனைந்திருந்தது.

"இம்புட்டு நேரம் பக்கத்துலதானட்டி உக்காந்திருந்த?" என்றாள்.

ஹோம் பேஸுக்குப் போய்க் குந்தி உட்கார்ந்து கிளவுஸை விரித்தாள். கனி பந்தோடு சர்க்கிளுக்கு நடந்தாள்.